கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பு (உறையூர், திருச்சிராப்பள்ளி)

உறையூரை ஒட்டிய புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரி. சற்றுத் தள்ளி, தெப்பக்குளம் அருகே புனித வளனார் கல்லூரி. இரண்டும் 1982இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைந்த தன்னாட்சிக் கல்லூரிகள். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, நான்கு பருவம்; பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்கள் சேரலாம்.

துவாக்குடி என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) வழி வேறு. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில் எம்.டெக். சேர கேட் தேர்வும், எம்.சி.ஏ. சேர நிம்செட் தேர்வும் எழுத வேண்டும். இரண்டுமே கடும் போட்டி. நாடெங்கும் மூன்றாண்டாக இருந்த எம்.சி.ஏ., 2020–21 முதல் பெரும்பாலான இடங்களில் இரண்டாண்டாகச் சுருங்கியது.

எம்.எஸ்சி., எம்.சி.ஏ. மாணவருக்குக் கடைசிப் பருவம் பெரும்பாலும் புராஜெக்ட்டுக்கே போய்விடும். நிரல் ஓடினால் மட்டும் போதாது. அறிக்கையை பைண்டிங் செய்து, வெளித்தேர்வாளர் முன் வைவாவில் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டும்.