மோஸ்தார் நகரின் பழைய பாலம்



போஸ்னியா-ஹெர்செகோவினா நாட்டில், நேரெத்வா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த ஊர் மோஸ்தார். பாலத்தைக் காவல் காத்தவர்களை அங்கே 'மோஸ்தாரி' என்று அழைத்தார்கள். ஊருக்குப் பெயர் வந்தது அவர்களால். இன்று நாம் அந்தப் பாலத்தின்மீது சற்று நின்று பார்ப்போம்.

ஒட்டோமான் சுல்தான் சுலைமான் ஆணையிட, ஹைருத்தீன் என்ற கட்டடக் கலைஞர் 1566-ஆம் ஆண்டு இதை முடித்தார். ஒரே கல்வளைவு, நடுவில் தூண் கிடையாது. கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்கினார்கள். சாரம் பிரிக்கும் நாளில் பாலம் இடிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர் தமக்கே குழி தோண்டி வைத்தார் என்பது ஊரார் கதை. கதைதான், ஆனால் கீழே ஆற்றைப் பார்த்தால் அந்த அச்சம் நமக்கும் புரியும்.

பாலம் 427 ஆண்டுகள் நின்றது. 1992-இல் போர் வந்தபோது, குரோவாத்தியரும் போஸ்னிய முஸ்லிம்களும் சேர்ந்தே நகரைக் காத்தார்கள். அவ்வாண்டு பிரான்சிஸ்கன் சபையாரின் புனித பேதுரு, பவுல் ஆலயம் குண்டுகளுக்கு இரையானது. செர்பியரின் ஆர்த்தடாக்ஸ் பேராலயமும் தகர்க்கப்பட்டது. மறு ஆண்டே தோழர்கள் பகைவர்களானார்கள். 1993 நவம்பர் 9 அன்று குரோவாத்தியப் படையின் பீரங்கிக் குண்டுகளால் பாலம் ஆற்றில் விழுந்தது.

இங்கே நாம் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. அப்படையில் பெரும்பாலோர் நம்மைப் போலத் திருமுழுக்குப் பெற்றவர்கள். பாலம் எதிர்ப்படைக்கும் பயன்பட்டது உண்மை. ஆனால் முற்றுகையில் சிக்கிய சாதாரண மக்களுக்கும் அதுதானே வழி! நம் ஆலயம் எரிந்ததைச் சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லாவிட்டால், நாம் சொல்வது பாதி வரலாறு.

பின்னர் ஹங்கேரிய நாட்டு முக்குளிப்போர் ஆற்றிலிருந்து கற்களை மேலே எடுத்தார்கள். பெரும்பாலானவை மறுபடி பயன்படும் நிலையில் இல்லை. எனவே அதே வகைக் கல்லைப் புதிதாக வெட்டி, பழைய முறையிலேயே கட்டினார்கள். 2004 ஜூலை 23 அன்று பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கோடையில் இளைஞர்கள் இருபது மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து அந்தக் குளிர்ந்த நீரில் குதிப்பார்கள், பயணிகள் கைதட்டுவார்கள். ஆனால் சற்றுத் தள்ளி நகரின் பழைய உயர்நிலைப் பள்ளிக்கும் போய்ப் பார்க்க வேண்டும். பாலம் திறந்த அதே 2004-இல் அதன் இரு பிரிவுகளையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். கூரை ஒன்று, வாசல் ஒன்று. பாடத்திட்டம் மட்டும் குரோவாத்தியப் பிள்ளைகளுக்கு ஒன்று, போஸ்னியப் பிள்ளைகளுக்கு வேறொன்று.