பச்சை அங்கி போட்ட மந்திரவாதி

போன வருடக் கடைசியில் ஒரு சித்திரக்கதைக்காக மந்திரவாதி ஒருவரைக் கீறினேன். கதை நடக்கிற இடம் கல்முனைக் கடற்கரை. ஆள் வயசாளி. நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, கையில் தடி, தலையில் கூம்புத் தொப்பி. பின்னால் இரவுக் கடல் கறுப்பாக இருந்ததால் கறுப்பு அங்கி எடுபடவில்லை. அதனால் பச்சையைப் பூசினேன், வேறு யோசனை ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்த உம்மம்மா, கண்ணாடிகூடப் போடாமல், "ஹிளுறு நபியயா புள்ள கீறி வெச்சிரிக்கா? அப்பிடிக் கீறக் கூடா" என்றார்.

உம்மம்மா கிழ்ர் நபியின் படம் எதையும் வாழ்க்கையில் பார்த்ததில்லை. தொப்பியை அவர் கணக்கெடுக்கவே இல்லை. பச்சையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஆளைப் பிடித்துவிட்டார். நான் கீற நினைத்தது யாரை, கீறி முடித்தது யாரை என்று அன்றைக்குத் தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பகிடி. மந்திரவாதிகளுக்குப் பேர்போன ஊர் எது என்று இலங்கைத் தமிழர் யாரிடமும் கேளுங்கள். மட்டக்களப்பு என்பார்கள். அங்கே போனவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்ற கதையை யாழ்ப்பாணத்து நண்பர்கள் எனக்கே சொல்லியிருக்கிறார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டம்தான். அந்தக் கணக்கில் நாமும் மந்திரவாதி ஊர்க்காரர்கள். ஆனால் பாயோடு ஒட்ட வைக்கிற அந்த ஆள் எப்படி இருப்பார், என்ன நிறத்தில் உடுப்பார்? யாருக்கும் தெரியாது. கதை நம்முடையது, படம் மட்டும் வெளியிலிருந்து வந்தது.

வந்த படங்களில் பழசு அம்புலிமாமா. 1947இல் அதைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியும்தான் 1951இல் 'பாதாள பைரவி'யையும் தயாரித்தவர்கள். அதில் எஸ்.வி. ரங்காராவ் போட்ட நேபாள மந்திரவாதி வேஷம் தென்னிந்தியாவுக்கே ஒரு அச்சாகிவிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தால் ஒன்றும் சொல்ல முடியாதே. கூரான தாடியும் கண்ணும் சிரிப்புமே அந்த வேலையைச் செய்தன. பிறகு நம் தலைமுறைக்கு வந்தது டிஸ்னி. 1940இன் 'ஃபன்டேசியா'வில் மிக்கி மவுஸ் போடும் தொப்பி நீலம், அதில் நட்சத்திரமும் பிறையும். 1963இல் வந்த மெர்லினுக்கும் நீல அங்கி. வானத்தைப் படிக்கிறவன் இரவின் நிறத்தை உடுத்துகிறான் என்பது அதன் கணக்கு. ஆனால் 1992இன் 'அலாதீனில்' தலைப்பாகை கட்டிய மந்திரவாதி ஜஃபார் வந்தபோது அந்த நீலம் அவனுக்குக் கிடைக்கவில்லை. கறுப்பும் சிவப்பும், கையில் பாம்புத் தடி. சின்ன வயதில் அதைப் பார்த்துக் கைதட்டிய எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

இந்த வரிசையில் மிகவும் யோசித்து நிறம் தீட்டியவர் டோல்கீன். யோசேஃப் மாட்லேனர் என்ற ஜெர்மன் ஓவியர் வரைந்த ஒரு தபாலட்டை டோல்கீனிடம் இருந்தது. வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர், அகன்ற தொப்பியோடும் சிவப்பு மேலங்கியோடும், மரத்தடிப் பாறையில் இருந்து ஒரு மான்குட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறார். அந்த அட்டையைச் சுற்றி வைத்திருந்த தாளில், கன்டால்ஃப் பிறந்தது இங்கேதான் என்ற பொருளில் டோல்கீன் எழுதி வைத்திருந்தார். 1937இல் 'த ஹொபிட்' வந்தபோது சிவப்பு போய்விட்டது. சாம்பல் மேலங்கி, வெள்ளிச் சால்வை, நீலத் தொப்பி. அந்த நீலத்தையும் பின்னால் வந்த திரைப்படம் சாம்பலாக்கிவிட்டது. டோல்கீனின் மந்திரவாதிகளுக்கு நிறம்தான் பதவி. சாருமான் வெள்ளை, கன்டால்ஃப் சாம்பல், ராடகாஸ்ட் மண்ணிறம், இன்னும் இரண்டு பேர் நீலம். சாருமான் கெட்டுப்போனதும் வெள்ளை அங்கி பல நிறமாக மின்னத் தொடங்குகிறது. கன்டால்ஃப் செத்து மீண்டு வரும்போது வெள்ளையாகிறார்.

ஐந்து பேரில் ஒருவரும் பச்சை இல்லை என்பதைக் கவனியுங்கள். மேற்கத்திய கற்பனை ஓவியத்தில் பச்சைக்குக் கிடைத்த வேலை வேறு. 1939இன் 'த விஸார்ட் ஒஃப் ஓஸ்' படத்தில் சூனியக்காரியின் முகமே பச்சை. ஹரி பொட்டரில் ஸ்லிதரின் பச்சை, கொல்லும் மந்திரத்தின் வெளிச்சமும் பச்சை. அங்கே அது விஷத்தின் நிறம்.

இங்கே? கிழ்ர் என்ற பெயரே அரபியில் பச்சை என்ற சொல்லோடு பிறந்தது. வறண்ட வெள்ளை நிலத்தில் அவர் இருந்ததும் அது பசுமையாக அசைந்தது, அதனால் அந்தப் பெயர் என்று புகாரி ஹதீஸ் சொல்கிறது. கஹ்ஃபு சூராவில் மூஸா நபி இரு கடல் கூடும் இடத்தில் சந்திக்கிற பெயர் சொல்லப்படாத அடியார் அவர்தான் என்பார்கள். நபியா வலியா என்பதில் உலமாக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கதையில் ஒரு மீன் உயிர்பெற்றுக் கடலுக்குள் போகிறது. வட இந்திய ஓவியர்கள் அந்த மீனை விடவில்லை. முகலாயர் காலத்திலிருந்து வரையப்பட்ட குவாஜா கிழ்ர் படங்களில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் பச்சை அங்கியோடு மீன்மேல் நின்று தண்ணீரைக் கடக்கிறார். வங்காளத்திலும் சிந்துவிலும் அவர் படகோட்டிகளின் காவலர். தாடி, நீள அங்கி, வயது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கன்டால்ஃபின் ஒன்றுவிட்ட சகோதரர் மாதிரி இருக்கும்.

நம் கரையில் அப்படி ஓவியம் வரையும் வழக்கம் இல்லை. பெரியார்களின் முகத்தைக் கீற மாட்டோம். அதனால் ஓவியர் செய்ய வேண்டிய முழு வேலையையும் துணியும் கொடியும் செய்தன என்பது என் எண்ணம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளி நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக இருக்கிறது. அவர் அடங்கியிருப்பது நாகூரில், இங்கே கப்ர் இல்லை, உருவமும் இல்லை. ஜமாதுல் ஆகிர் பிறந்ததும் கொடி ஏறுகிறது, சனம் நிமிர்ந்து பார்க்கிறது. அந்தத் துணியே அவருடைய படம். றபான் அடித்துப் பாடுகிற பாவாக்களின் பச்சைத் தலைப்பாகையும் அதே மொழிதான். கதிர்காமத்துப் பள்ளியைக் கிழ்ர் நபியோடு சேர்த்துச் சொல்வதும் நம்மிடம் பழைய பழக்கம்.

இந்தப் பச்சை எப்போதும் இயல்பாக வந்ததுமில்லை. சுவர்க்கத்து உடை பச்சை என்று குர்ஆனில் இருக்கிறது, சரி. ஆனால் நபியின் வம்சத்தார் தலைப்பாகையில் பச்சை அடையாளம் வைக்க வேண்டும் என்பது எகிப்தின் மம்லூக் சுல்தான் அஷ்ரஃப் ஷஃபான் ஹிஜ்ரி 773இல் போட்ட உத்தரவு. கூட்டத்தில் ஆளை அடையாளம் காண அரசாங்கம் கொடுத்த நிறம் அது. பச்சை என்றதும் உங்களுக்கு மரச் சின்னமோ யானையோ ஞாபகம் வந்தால் அதுவும் அந்தப் பரம்பரைதான், உங்கள் பிழையில்லை.

கொடியேற்றம் சரியா பிழையா என்ற வாதம் நம் வீடுகளில் சாப்பாட்டு நேரத்திலேயே நடக்கிறது. என் வீட்டிலும்தான். அதற்குள் நான் இறங்கவில்லை. என் கவலை வேறு. இந்த நிறத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உம்மம்மாவின் வயதுக்காரர்கள். என் தம்பி அதே படத்தைப் பார்த்து, "ஸ்லிதரின் வாத்தியாரா?" என்று கேட்டான். ஒரு பச்சை அங்கி, ஒரே வீடு, இரண்டு பதில்.

நாகூர் ஆண்டவர் பற்றி நம்மிடம் சொல்லப்படுகிற ஒரு கதையில் உண்மையாகவே ஒரு சூனியக்காரன் வருகிறான். தஞ்சாவூர் நாயக்க மன்னர் தீராத நோயில் கிடக்கிறார். யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள். அரண்மனைக்குள் உடம்பெல்லாம் ஊசி ஏற்றிய ஒரு புறாவைக் கண்டெடுக்கிறார்கள். பெரியார் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க மன்னருக்கு வலி குறைகிறது. புறா பறந்து போகிறது. நாகூருக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் புறா விடுவார்கள். நான் கேட்டவரையில் அந்தக் கதையில் சூனியக்காரனுக்குப் பெயர் இல்லை, உடுப்பு இல்லை, நிறமும் இல்லை. செய்தவனை விட்டுவிட்டுப் புறாவையும் ஊசியையும் மட்டும் கதை வைத்திருக்கிறது.

என் சித்திரக்கதை இன்னும் முடியவில்லை. கூம்புத் தொப்பியை அழித்துவிட்டேன். அங்கியைச் சாம்பலாக்கிப் பார்த்தேன், கன்டால்ஃப் வந்துவிட்டார். கறுப்பாக்கினால் ஜஃபார். பச்சையை வைத்தால் உம்மம்மா விடமாட்டார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பக்கத்தில் புறாவை மட்டும் கீறி வைத்திருக்கிறேன். ஊசிகள் ஏழு.