பாப் மார்லி: வரியும் மேளமும்

பாப் மார்லியைப் பற்றிக் கல்வியாளர்கள் எழுதியவற்றில் எனக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். அவர் 1981 மே 11இல், 36 வயதில் செத்துப்போனார். 1993இல் ஜமைக்காவின் கரோலின் கூப்பர் அவர் பாட்டுகளை இலக்கியப் பிரதியாக வைத்து வாசித்தார். 2002இல் கவிஞர் க்வாமே டாஸ் மார்லியின் வரிகளுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

இது சாதாரணக் காரியமில்லை. கறுப்புச் சனங்க பேசுகிற ஜமைக்கா மொழியைக் 'கெட்டுப்போன இங்கிலீஷ்' என்று பள்ளிக்கூடமும் ஆபீசும் ஒதுக்கி வைத்திருந்தன. அந்தக் கொச்சையிலும் கவிதை இருக்கிறது, தத்துவம் இருக்கிறது என்று நிறுவியாக வேண்டியிருந்தது. நிறுவினார்கள். சரி. பாட்டைப் பிரதியாக்கித் தாளில் இறக்கும்போது எது உள்ளே வருகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது? இதுதான் என் கேள்வி.

ரெகேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு தாளக்கட்டு உண்டு. நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையில் டிரம் அடி விழாது. ராக் இசை கனமாக மிதிக்கிற இடமே அதுதான். இங்கே அதைச் சும்மா விட்டுவிட்டு, மூன்றாவதில் பெரிய டிரம்மும் சின்ன டிரம்மும் சேர்ந்து இறங்கும். கித்தார் எதிர் இடத்தில் வெட்டி வெட்டிப் போகும். பேஸ் கித்தார்தான் பாட்டைத் தூக்கிச் சுமக்கும். மார்லியின் குழுவில் டிரம் அடித்தவர் கார்ல்டன் பாரெட். பேஸ் வாசித்தவர் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட். இவங்க ரெண்டு பேரையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது வரி மட்டும்தான்.

'வார்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1976இல் வந்தது. அதன் வார்த்தைகள் பெரும்பாலும் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1963 அக்டோபர் 4இல் ஐ.நா. சபையில் பேசியவை. தாளில் வைத்துப் படித்தால் அது ராஜா பேச்சு. அதைக் கிங்ஸ்டன் சேரிச் சனங்களின் பேச்சாக மாற்றியது எது? டிரம்மும் பேஸும், அதன் மேல் மார்லி வார்த்தையை அறுத்து அறுத்து வைத்த விதமும்தான். இதை இயற்றியவர்கள் என்று பதிவாகியிருப்பவர்கள் ஆலன் கோல், கார்ல்டன் பாரெட். டிரம் அடித்தவர் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வரியை மட்டும் ஆராய்கிறவர் இதற்கு என்ன கணக்கு சொல்வார்?

1980இல் வந்த 'ரிடெம்ப்ஷன் சாங்' வேறு மாதிரி. டிரம் இல்லை, பேஸ் இல்லை. ஒரு கித்தார், ஒரு குரல். ஏட்டுக்காரர்களுக்கு வசதியான பாட்டு. 'தனி மேதை' என்று சொல்லத் தோதானது. ஆனால் மன அடிமைத்தனத்திலிருந்து விடுபடச் சொல்லும் அதன் மையக் கருத்து மார்கஸ் கார்வி 1937இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பேசியது. கார்வியும் மார்லி பிறந்த அதே செயின்ட் ஆன் மாவட்டத்துக்காரர். மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் மூவருக்கும் பாடப் பழக்கியவர் ட்ரெஞ்ச் டவுன் சேரியின் ஜோ ஹிக்ஸ். மேதை தனியாக வரவில்லை.

வரி வேறு, மேளம் வேறு என்று பிரிப்பது வகுப்பறையோடு நிற்பதில்லை. கார்ல்டன் 1987இல் கொலையுண்டார். தங்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்டு ஆஸ்டன் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2006இல் தோற்றார். 1994இல் செய்துகொண்ட உடன்படிக்கையோடு அவர் கோரிக்கை முடிந்துவிட்டது என்றது தீர்ப்பு. சில பாட்டுகளை இயற்றியதில் தனக்கும் பங்குண்டு என்று அவர் சொன்னதும் எடுபடவில்லை. 2024இல் அவரும் இறந்துபோனார். 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மானுடத்தின் மரபுச் சொத்தாக அறிவித்தது. சொத்து மானுடத்துக்கு. பேஸ் வாசித்தவருக்கு?

சொல் அறிவு, மேளம் வெறும் உடலுழைப்பு. இந்தப் பாகுபாட்டை நமக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. மேளம் அடிக்கிறவனைக் கலைஞன் என்று சொல்லாமல் தொழிலுக்கு வந்தவன் என்று கூலி பேசி அனுப்புகிற ஊர் நம்ம ஊர். மார்லியின் வரிகளை இலக்கியமென்று நிறுவியது பாதி வேலை. கார்ல்டன் விட்ட அந்த முதல் எண்ணிக்கையும் சிந்தனைதான் என்று எழுதுகிற ஆராய்ச்சிதான் மீதிப் பாதி.