புலமைப்பரிசிலும் கணினிப் படிப்பும்

இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கினாலும், வெளியூரில் தங்கிப் படிக்கும் செலவு குடும்பத்தின் தலையிலேயே இருந்தது. ஏறாவூர்ப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பாரத்தைக் குறைத்த இரண்டும் 1981இல் வந்தவை. அவ்வாண்டு அயலூரான வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் மகாபொல நிதியமும் அவ்வாண்டே சட்டப்படி அமைந்தது. கண்காட்சியிலும் லொத்தரிலும் சேர்ந்த பணம் வசதி குறைந்த மாணவர்களுக்கு மாதக் கொடுப்பனவாகியது. எம்மில் பலர் மருத்துவராகவும் ஆசிரியராகவும் ஆனதில் அதற்கும் பங்குண்டு.

கணினி விஞ்ஞானம் புதியதொரு தேவையைக் கொண்டுவந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க தலைமையில் கணினித் தொழினுட்ப நிறுவகம் 1987இல் உருவானது. இன்று எமது மாணவிகளும் அத்துறையை நாடுகின்றனர். மருத்துவபீடத்தில் நாம் ஒரு புத்தகத்தை நால்வர் பகிர்ந்து படித்தோம். நிரல் எழுதப் பழகுபவளுக்கோ இரவிலும் விடுமுறையிலும் சொந்தக் கணினி வேண்டும். 2025 வரவு செலவுத்திட்டம் மகாபொல கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரி. மடிக்கணினிக்கு உம்மாவின் நகைதான் மிஞ்சுகிறது.

செல்வந்த நாடுகளிலும் இத்துறையில் பெண்கள் குறைவே. அமெரிக்கக் கணினி விஞ்ஞானி அனிதா போர்க் 2003இல் மறைந்தார். மறு ஆண்டே கூகுள் நிறுவனம் அவர் பெயரில் பெண்களுக்குப் புலமைப்பரிசிலை ஏற்படுத்தியது. எமது சங்கத்தின் கை சிறியது. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு மாணவிக்கு ஒரு மடிக்கணினி எம்மால் முடியும். நூற்றாண்டு நினைவாக அதனைத் தொடங்குவோம்.