கழற்றியதற்கு 700 மார்க்

எழுபதுகளின் நடுவில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். அவர் அப்பாவிடம் ஒரு பழைய ஃபியட் 1100 இருந்தது. சோழவரம் ரேஸ் நெருங்கினால் அண்ணனுக்குத் தூக்கம் வராது. செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடக்கும் அந்தப் பந்தயத்தைப் பார்க்க நாங்கள் எல்லோரும் போவோம். அவர் ஒரு வருடம், "பார்த்தது போதும், நான் ஓட்டப் போகிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

எஞ்சினில் கைவைக்கக் காசில்லை. கழற்றுவதற்குக் காசு வேண்டாமே! பின்சீட்டு வெளியே வந்தது. தரை மேட், கதவின் உள்பலகைகள், கூரைத் துணி, ஸ்டெப்னி, ஜாக்கி, முன்னும் பின்னும் பம்பர் எல்லாம் போயின. தரைத் தகட்டில் சத்தம் வராமல் இருக்க ஒட்டியிருந்த தார் ஷீட்டை உளியால் சுரண்டி எடுக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. அந்த வேலையில் நானும் கூட்டு. விரல் கணுக்களில் தோல் பெயர்ந்ததுதான் மிச்சம். கழற்றியதையெல்லாம் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினோம். 63 கிலோ. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

அவருடைய அம்மா திண்ணையில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கல்யாணத்துக்குப் போகணும்னா நாங்க எங்கே உக்கார்றது?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஆள் இல்லை.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால்தான் ஜெர்மனியில் ஒரு பெரிய கார் கம்பெனி இதே வேலையைத் தொழிற்சாலையிலேயே செய்து, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய மோட்டார் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் வந்தது. அதில்தான் இந்தக் கதை முழுசாகக் கிடைத்தது.

கம்பெனி போர்ஷே. 1970, 71 இரண்டு வருடமும் லமான் 24 மணி நேரப் பந்தயத்தை அவர்களுடைய 917 வென்றது. ஆனால் 1971 முடிவோடு உலகக் கோப்பைப் போட்டியில் 5 லிட்டர் கார்களுக்கு இடமில்லை என்று விதி மாறியது. 917 அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஐரோப்பாவில் ஓட்ட மிச்சம் இருந்தது, சாலையில் விற்கும் 911தான். தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மான், அதையே பந்தயத்துக்குத் தயார் செய்யச் சொன்னார். அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால், அதே மாதிரியில் 500 கார் செய்து பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். பந்தயத்துக்கென்று ரகசியமாக ஒன்றிரண்டு செய்துகொண்டு வரக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

அப்படி வந்ததுதான் 911 கரேரா ஆர்எஸ் 2.7. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். இந்த மொட்டைக் காரை 500 பேர் வாங்குவார்களா என்று விற்பனைப் பிரிவே சந்தேகப்பட்டது. நவம்பர் முடிவதற்குள் 500-ம் தீர்ந்துவிட்டன. கடைசிக் கணக்கு 1,580.

விலை 34,000 மார்க். அதற்கு மேல் 700 மார்க் கொடுத்தால் 'ஸ்போர்ட்' வகை கிடைக்கும். அந்த 700 மார்க்குக்கு என்ன கொடுத்தார்கள்? பெரும்பாலும் எடுத்தார்கள்! பின்சீட்டு இல்லை. கனமான கம்பளம் இல்லை. கடிகாரம் இல்லை. கோட்டு மாட்டும் கொக்கி இல்லை. கை வைத்துக்கொள்ளும் திண்டு இல்லை. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு வார். முன்பக்கம் உலோகச் சின்னத்துக்குப் பதில் ஒட்டுப்படம். அதற்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் கிராம் கிராமாகத்தான் கிலோ சேரும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். உடம்புத் தகடு மெல்லிசு, கண்ணாடியும் மெல்லிசு.

எடை 960 கிலோ. வசதிகளோடு வந்த 'டூரிங்' வகை 1,075 கிலோ. வித்தியாசம் 115 கிலோ, அதாவது நல்ல தாட்டியான ஆள் ஒன்றரை பேர்.

இங்கேதான் நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு வகையிலும் ஒரே எஞ்சின், 210 குதிரைத்திறன். டூரிங் காரில் ஒரு குதிரை இழுக்க வேண்டியது 5.12 கிலோ. ஸ்போர்ட்டில் 4.57 கிலோ. எடையைக் குறைக்காமல் இதே விகிதம் வேண்டுமென்றால் எஞ்சின் 235 குதிரைத்திறன் தர வேண்டும். ஆக, கழற்றியதில் 25 குதிரை கிடைத்த மாதிரி. இதற்கு முந்தைய 2.4 லிட்டர் 911 எஸ் எஞ்சின் 190 குதிரை. அதை 210 ஆக்க, சிலிண்டரின் விட்டத்தை 84 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆகப் பெரிதாக்கி, உள்சுவருக்குப் புது வகைப் பூச்சு கொண்டுவந்து, எத்தனையோ சோதனை நடத்த வேண்டியிருந்தது. அத்தனை பாட்டுக்கும் கிடைத்தது 20. ஸ்பேனர் எடுத்துக் கழற்றியதில் 25!

போதாததற்கு, எஞ்சினில் கூட்டிய சக்தி முன்னால் பாய மட்டும்தான் உதவும். எடையைக் குறைத்தால் பிரேக் பிடிக்கும்போதும் லாபம், வளைவில் திரும்பும்போதும் லாபம், டயர் தேய்மானத்திலும் லாபம். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஸ்போர்ட்டுக்கு 5.8 நொடி, டூரிங்குக்கு 6.3 நொடி. அரை நொடி என்பது பந்தயத்தில் ஒரு யுகம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அனுமதிக்காக எடை போட்டபோது கார்கள் மொட்டையாகவே தராசில் ஏறின. சான்றிதழ் வாங்கிய பிறகு திரும்பத் தொழிற்சாலைக்குப் போய், டூரிங் கேட்டவர்களுக்குக் கம்பளமும் சீட்டும் பொருத்தினார்கள். டூரிங் வசதிக்கு 2,500 மார்க் தனி. எடுத்ததற்கும் காசு, திரும்ப வைத்ததற்கும் காசு. வியாபாரிகள்தான்! ஆனால் 1,580-இல் ஸ்போர்ட் கேட்டவர்கள் 200 பேர்தான். பெரும்பாலோர் அண்ணனின் அம்மா கட்சி.

பலன் கிடைக்காமல் இல்லை. இந்தக் காரிலிருந்து பிறந்த ஆர்எஸ்ஆர் பந்தயக் கார் 1973-இல் டேடோனா 24 மணி நேரத்தை வென்றது. அதே வருடம் சிசிலியின் மலைப்பாதைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோவையும் வென்றது. இன்றும் அந்தக் கம்பெனியின் ஆர்எஸ் கார்களில் கதவுக்குள் அந்த வார் தொங்குகிறது. இப்போது அதே காரில் ஏசியும் பாட்டுப்பெட்டியும் இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வாரில் மிச்சப்படுத்திய சில கிராமை ஏசி எப்போதோ தின்றிருக்கும்.

எங்கள் ஃபியட்டுக்கு வருகிறேன். நாற்பத்துச் சொச்சம் குதிரை உள்ள காரில் 63 கிலோ எடுத்தது ஏறத்தாழ மூன்று குதிரைக்குச் சமம். அண்ணனின் கணக்கு தப்பில்லை. ஆனால் சோழவரத்தில் காரைப் பரிசோதித்தவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்ததும் முகம் மாறினார். பின்சீட்டை எடுத்ததில் டிக்கிப் பக்கம் திறந்து கிடந்தது. பெட்ரோல் டாங்க் இருப்பதும் பின்பக்கம்தான். பின்னால் இடி வாங்கினால் பெட்ரோலுக்கும் ஓட்டுபவர் முதுகுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. "தகடு அடிச்சு மூடிட்டு வா தம்பி, இல்லேன்னா ஓட்ட முடியாது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பழைய சீட்டின் முதுகு சாய்மானம் மட்டுமல்ல, ஒரு தடுப்பும்கூட என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. அந்த மனிதர் விட்டுக்கொடுத்திருந்தால் அண்ணனும் ஓட்டியிருப்பார், நானும் கைதட்டியிருப்பேன். இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

செங்குன்றத்தில் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்து, ஒரு தகரத்தை வெட்டி ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம். எடை நாலு கிலோ ஏறியது. அண்ணன் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தார்.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். சுரண்டிய தார் ஷீட் மட்டும் போனது போனதுதான். அந்தக் கார் விற்கப்படும் வரை, அதில் ஏறிய அம்மா, "என்னப்பா இது, டப்பாவுக்குள்ள உக்காந்த மாதிரி சத்தம்" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பேன்.