நீல அம்பு, மஞ்சள் அம்பு: இங்கிலாந்தின் மண்பாதைகளுக்குச் சைக்கிள் வந்த கதை

பின்கேட்டைப் பூட்டலாமா வேண்டாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். "இத்தனை வருஷமா நடந்து போன வழியை எப்படி சார் மூடுவீங்க?" என்று ஒரு பக்கம், "அது நம்ம இடம்தானே" என்று இன்னொரு பக்கம். அப்போது நான் வாயே திறக்கவில்லை. நான் இருந்தது மகன் வீட்டில், இங்கிலாந்தின் ரீடிங் ஊரில். வேடிக்கை என்னவென்றால், இதே கேள்வியை வைத்துக்கொண்டு அந்த நாடு பல நூறு வருடங்களாக மல்லுக்கட்டியிருக்கிறது. அதன் பலன்மேல்தான் நான் தினமும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மகன் எனக்கு வாடகைக்கு எடுத்துத் தந்தது 'கிராவல் பைக்'. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் தடிமன், 40 மில்லிமீட்டர். தார்ச்சாலையிலும் போகும், சரளை, மண், புல்தரையிலும் போகும். பெயர்தான் புதுசு, பழக்கம் பழசு. கரடுமுரடான பாதையில் சைக்கிளை ஓட்டியும் தள்ளியும் தோளில் தூக்கியும் போவதற்கென்றே 1955இல் லெம்ஸ்டர் என்ற சிற்றூரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்று பெயர். இன்றும் இருக்கிறது.

ரீடிங்கிலிருந்து தேம்ஸ் நதியோரமாக மேற்கே போனால் ஸ்ட்ரீட்லி. அங்கிருந்து மேலே ஏறினால் 'ரிட்ஜ்வே'. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் முதுகுமேல் போகும் பாதை இது. இங்கிலாந்தின் மிகப் பழைய வழிகளில் ஒன்று என்பார்கள். குன்றின் மேலே ஏன் பாதை போட்டார்கள் என்று யோசித்தால் விடை காலடியிலேயே இருக்கிறது. கீழே பள்ளத்தாக்கில் களிமண்; மழை பெய்தால் வண்டி புதையும். மேலே சுண்ணாம்புப் பாறை தண்ணீரை உறிஞ்சிவிடும். வெயிலில் பாதை வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும். மழையில் நனைந்தால் வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரி டயரில் அப்பிக்கொள்ளும். நடுநடுவே சிக்கிமுக்கிக் கற்கள். டியூபுக்கு அவைதான் எமன். வழியோரத்தில் புதிய கற்காலத்துக் கல்லறை ஒன்று, வேலண்ட்ஸ் ஸ்மிதி. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் அஃபிங்டன் குன்றின் சரிவில் வெட்டிய வெள்ளைக் குதிரை உருவம், ஏறத்தாழ 3000 வருடப் பழசு.

பிற்காலத்தில் இந்தப் பாதைகளை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் மாட்டு வியாபாரிகள். வேல்ஸிலிருந்து லண்டன் சந்தைவரை மந்தையை நடத்தியே கொண்டுபோவார்கள். நல்ல சாலையில் போனால் சுங்கம் கட்டவேண்டும். குன்றுமேல் போனால் சுங்கமும் இல்லை, மேய்ச்சலும் உண்டு. டோல்கேட்டைத் தவிர்க்க ஊருக்குள் புகுந்து போகிற நமக்கு இது புரியாததா? பிறகு ரயில் வந்தது. மாடுகள் ரயிலேறின, பாதைகளில் புல் மண்டியது.

இனிதான் வழக்குக் கதை. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களைப் போட்டு, ஊர்ப் பொது நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்தது பாராளுமன்றம். மொத்தம் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த உரிமை ஏழைகளுக்குப் போயிற்று. ஒரே ஒரு நன்மை: நிலத்தைப் பிரித்தபோது எந்தெந்த வழி பொதுவழி என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். இருநூறு வருடம் கழித்து அந்தக் காகிதம்தான் சாட்சி. அந்த ஊர்ச் சட்டத்தில், ஒருமுறை பொதுவழி ஆகிவிட்டால், முறைப்படி நீக்கும்வரை அது பொதுவழிதான். யாரும் நடக்காததால் உரிமை போய்விடாது.

1932இல் இன்னொரு சட்டம். 20 வருடம் தடையில்லாமல், ஒளிவு மறைவில்லாமல், அனுமதி கேட்காமல் மக்கள் ஒரு வழியில் போய்வந்தால், நிலக்காரர் அதைப் பொதுவுக்குக் கொடுத்துவிட்டதாகவே கொள்ளலாம். இதைத் தடுக்கச் சில நிலக்காரர்கள் வருடத்தில் ஒருநாள் மட்டும் கேட்டைப் பூட்டி வைப்பார்களாம்! (நம் 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டத்திலும் இதே 20 வருடக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது தனியார் வழியுரிமைக்கு. பின்கேட்டுக்கு அதை இழுக்காதீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

1949இல் வந்த சட்டம் எல்லாப் பொதுவழிகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. கணக்கெடுத்தது பெரும்பாலும் கிராம சபைகள். இங்கேதான் சிக்கல். பழைய வண்டிப்பாதையைச் சில ஊர்களில் 'நடைபாதை' என்று எழுதிவிட்டார்கள், பக்கத்து ஊரில் அதே பாதையைக் 'குதிரைப்பாதை' என்று எழுதினார்கள். அன்று யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

சைக்கிள்காரர்களுக்கு அது எப்படிப் பெரிதாயிற்று? 1888இல் ஒரு சட்டம் சைக்கிளையும் 'வண்டி' என்று அறிவித்தது. சாலையில் ஓட்டும் உரிமை உறுதியானது. ஆனால் நடைபாதை, குதிரைப்பாதை இரண்டிலும் வண்டிக்கு உரிமை இல்லை. எண்பது வருடம் இப்படியே போனது. 1968இல் நாட்டுப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவு குதிரைப்பாதைகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது. மலைச் சைக்கிள் என்ற பொருளே பிறக்காத காலம் அது! கூடவே இரண்டு நிபந்தனைகள்: நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும், சைக்கிளுக்காகப் பாதையைச் செப்பனிட வேண்டிய கடமை அரசுக்குக் கிடையாது. இரண்டாவதன் அர்த்தம் என் முதுகுக்கு நன்றாகத் தெரியும்.

இன்று நீங்கள் அங்கே போனால் கம்பங்களில் வண்ண அம்புகளைப் பார்ப்பீர்கள். மஞ்சள் நடைபாதை, நீலம் குதிரைப்பாதை. நீலம் கண்டால் சைக்கிளில் போகலாம். மஞ்சள் என்றால் ஓட்ட உரிமை இல்லை. மொத்தப் பொதுவழிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்கு. ஸ்ட்ரீட்லிக்கு மேற்கே ரிட்ஜ்வே முழுவதும் ஓட்டலாம். ஆற்றைத் தாண்டிக் கிழக்கே அதே ரிட்ஜ்வேயில் பெரும்பகுதி நடப்பவருக்கு மட்டும். ஒருநாள் கிழக்குக் கரையில் ஒரு மஞ்சள் அம்பின் முன் நின்றேன். அகலமான பாதை, ஆளே இல்லை, போனால் யார் கேட்கப்போகிறார்கள்? கூட வந்த மகன், "அப்பா, வேண்டாம்" என்றான். திரும்பிவிட்டோம். எனக்கு அன்று எரிச்சல்தான். எழுபது வருடத்துக்கு முன் யாரோ எழுதிய ஒரு வார்த்தைக்காக நான் திரும்ப வேண்டுமா?

அந்த வார்த்தைகளைத் திருத்தத்தான் அங்கே தன்னார்வலர்கள் ஆவணக் காப்பகங்களில் பழைய வரைபடங்களைப் புரட்டுகிறார்கள். 2000ஆம் வருடச் சட்டம் அதற்கு 2026 ஜனவரி 1 என்று கெடு வைத்தது. அதற்குள் பதியாத பழைய வழிகளின் உரிமை போய்விடும் என்றது. பிறகு கெடுவை 2031க்குத் தள்ளினார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. இவர்கள் தேடாமல் விட்டிருந்தால் பல பாதைகள் காகிதத்தோடு போயிருக்கும்.

பிள்ளைகள் வீட்டுக்கு அங்கே போகிறவர்கள் நம் வளாகத்தில் பலர் இருக்கிறீர்கள். முழங்கால் ஒத்துழைத்தால் ஓட்டிப் பாருங்கள். 'கிங் ஆல்ஃபிரட்ஸ் வே' 2020இல் தொடங்கிய வட்டப்பாதை, சுமார் 350 கிலோமீட்டர். வின்செஸ்டரில் தொடங்கி ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரிட்ஜ்வே, ரீடிங் வழியாக வின்செஸ்டருக்கே திரும்பும். அவ்வளவு முடியாது என்றால் சவுத் டவுன்ஸ் வேயில் ஒருநாள் தூரம் போதும். ஆர்டினன்ஸ் சர்வே வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1:25,000 அளவில் பச்சைநிறக் குட்டைக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் குதிரைப்பாதை. எதிரே குதிரை வந்தால் வேகத்தைக் குறைத்து, தூரத்திலிருந்தே "ஹலோ" என்று குரல் கொடுங்கள், குதிரை மிரளாது. வழியில் வரும் கேட்டுகளை, எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள்; மூடியிருந்ததைத் திறந்து போட்டால் ஆடு வெளியே வந்துவிடும்.