மூலாசாரி எந்த ஊர் ஆள்?

கண்டி தலதா மாளிகைக்குப் போனவர்கள் பத்திரிப்புவவைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. அகழிக்கு மேலே எழும்பி நிற்கிற எண்கோண மண்டபம். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1802 அளவில் கட்டுவித்தது. அதைக் கட்டினவர் தேவேந்திர மூலாசாரி எண்டு சொல்லப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் தொழில் பழகின தலைமுறையைச் சேர்ந்தவர். அந்தக் காலக் கைவினைஞரில் பெயர் தங்கினவர்கள் மிகக் கொஞ்சப்பேர்தான். அதனால் அவருடைய பூர்வீகத்தைத் தேடுகிற ஆசை எல்லாருக்கும் வரும். அந்த ஆசைக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கு: அவர் தமிழரா, சிங்களவரா?

தமிழர்தான் எண்டு சொல்லுகிறவர்கள் முதலில் தூக்கிக் காட்டுவது 'ஆசாரி' எண்ட சொல்லை. ஆனால் அது வடமொழியிலிருந்து இரண்டு மொழிக்கும் வந்த சொல். மூலாசாரி எண்டால் தலைமை ஆசாரி. அது பதவிப் பெயர், குடும்பப் பெயர் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கு. கண்டிக்குப் பக்கத்திலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைச் செதுக்கினவரும் தேவேந்திர மூலாசாரிதான் எண்டு ஊர் வழக்கு சொல்லுகிறது. அந்தத் தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்ததாகக் கருதப்படுகிறது. ஒரே ஆள் நானூறு வருசம் உளி பிடிக்க ஏலாது. ஒண்டில் அந்தப் பெயர் பட்டமாகக் கைமாறி வந்திருக்க வேணும், இல்லாட்டி பெயர்போன ஒருவரை ஊர் இன்னொரு கட்டடத்தோடும் சேர்த்துவிட்டிருக்க வேணும். எப்படிப் பார்த்தாலும் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வம்சாவளி எழுத முடியாது.

அதுக்காகத் தென்னிந்தியத் தொடர்பு கட்டுக்கதை எண்டும் இல்லை. 1344இல் கட்டப்பட்ட கடலாதெனிய விகாரையின் கல்வெட்டு, தலைமைச் சிற்பியின் பெயரைக் கணேசுவராசாரி எண்டு சொல்லுகிறது. அதே காலத்து லங்காதிலக விகாரையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1739இலிருந்து 1815வரை கண்டியை ஆண்டது மதுரையோடு உறவுள்ள நாயக்கர் வம்சம். ஆட்கள் வந்தார்கள், வேலை செய்தார்கள், நிலம் பெற்றுக் குடியிருந்தார்கள். பிறகு அவர்களின் பிள்ளைகள் சிங்களம் பேசினார்கள். பூட்டன் கடல் தாண்டி வந்தவர் எண்டதால் பூட்டப்பிள்ளையின் மொழியையும் இனத்தையும் நாங்கள் இண்டைக்கு முடிவுகட்ட முடியுமா?

சரி, பெயரை விட்டுப் பதிவேடுகளைப் பார்ப்போம். கண்டி இராச்சியத்தில் லேகம் மிட்டி எண்ட ஏடுகள் இருந்தன. எந்தக் காணியை அனுபவிக்கிறவர் அரசனுக்கு என்ன வேலை செய்யவேணும் எண்ட கணக்கு அது. கைவினைஞருக்கும் இதே ஒழுங்குதான்: நிலம் கிடைக்கும், பதிலுக்கு இராசகாரியம். யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதியிலும் ஒல்லாந்தர் எழுதினது தோம்பு. காணித் தோம்பு, தலைத் தோம்பு எண்டு பிரித்து, ஆளின் பெயரோடு சாதியையும் கட்டவேண்டிய வரியையும் செய்யவேண்டிய ஊழியத்தையும் பதிந்தார்கள். கோயில்பற்றுகளில் இருந்த பள்ளிக்கூடத் தோம்புகளில் ஞானஸ்நானமும் கலியாணமும் ஏறின. ஆனபடியால் சைவமாக வாழ்ந்த ஒருவரும் ஏட்டில் கிறிஸ்தவப் பெயரோடு இருக்கலாம். தகப்பன் பெயரே முதற்பெயராகிற எங்கட வழக்கத்தில் அந்தப் பெயரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும்.

ஆக, இந்த ஏடுகளை எழுதினவர்கள் கேட்டது "நீ எங்கேயிருந்து வந்தாய்?" எண்டு இல்லை. "நீ என்ன தரவேணும்?" எண்டுதான். கைவினைஞர் அதில் ஏறினது அவருடைய கைத்திறனுக்காக இல்லை, கடமைக்காக. அதில் சாதி எழுதியிருக்கிறதை எடுத்து இண்டைக்குப் பெருமை பேசுவது, அந்தக் கணக்கப்பிள்ளையின் வேலையை நாங்கள் தொடர்ந்து செய்வது மாதிரி.

இது சாட்டியிலிருந்து பார்க்கத் தூரத்துக் கதை இல்லை. "தம்பி எந்த ஊர்? ஆற்ர பிள்ளை?" எண்டு ஒருவர் கேட்கும்போது, அவர் அறிய விரும்புவது ஊரை மட்டும் இல்லை எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். மூலாசாரியிடம் கேட்கப்படுவதும் அதே கேள்விதான். சாதிக்குப் பதிலாக இனம், அவ்வளவுதான்.

எங்கட தீவின் மறுகரையில், ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள்ளே கடற்கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் எண்டு படிக்கிறோம். கல்லை வெட்டி, தோணியில் ஏற்றி, சுண்ணாம்பு குழைத்து அடுக்கினவர்கள் அந்த வசனத்துக்குள்ளே வரவே இல்லை. வேர் தேடுகிறதெண்டால் அவர்களிடமிருந்தும் தொடங்கலாம். என்ன செய்தார்கள், எந்த ஆயுதத்தால், ஆருக்காக, கூலி கிடைத்ததா? எங்கட ஊர்களில் இப்பவும் வள்ளம் கட்டுகிற, மரம் இழைக்கிற வயசான ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் குந்தினால், சாதியைக் கேட்காமல் தொழிலைக் கேட்டு எழுதுவோம். முழுப் பெயரோடு எழுதுவோம்.